கடற்காற்றைத் தாங்குமா இந்தக் கிராக்கர்? கீழக்கரைப் பொட்டலம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் ஒரு ராத்தா (அக்கா) தம் வீட்டிலிருந்தபடியே தயாரித்து விற்றுவரும் உலர்பழ, பருப்பு கிராக்கர் கலவையை வாங்கி, மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ஓவனில் சுட்டுப் பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள்களின் தரத்திலும் சுவையிலும் இது கொடுத்த காசுக்கு நியாயமான தயாரிப்பு. ஆனால் கட்டித்தரும் முறையிலும் உடன்வரும் செய்முறைத் தாளிலும் திருத்தவேண்டிய குறைகள் சில இருக்கின்றன. அந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஈரம் என்ற ஒன்றைச் சுற்றியே வருவதால், இதை உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்கள் ஒருவிதமாகவும் கடலோரத்தில் இருப்பவர்கள் வேறுவிதமாகவும் மதிப்பிட வேண்டியிருக்கும். வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரு பக்கமும் கடல் சூழ்ந்த மண்டபத்தில், காலையில் பிரித்த முறுக்குப் பொட்டலம் மாலைக்குள் நமத்துவிடும் வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் கிராக்கர் எப்படிப்பட்டது என்று அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம். பேக்கரியில் கிடைக்கும் உப்பு பிஸ்கட்டைப் போல மாவைத் தேய்த்து வெட்டிச் சுடுவது அன்று. மோர் சேர்த்துக் குழைத்த மாவில் உலர்பழங்களையும் பருப்புகளையும் விதைகளையும் கலந்து, முதலில் ரொட்டித் தகரத்தில் ஊற்றிச் சிறு ரொட்டியாகச் சுட வேண்டும். ரொட்டி ஆறியதும் குளிரவைத்து இறுக்கி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, குறைந்த சூட்டில் மறுபடியும் சுட்டு உலர்த்த வேண்டும். இருமுறை சுடுவதில் இது நம் ரஸ்க்குக்கு உறவு. ஆனால் ரஸ்க்கைவிட நான்கில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த லெஸ்லி ஸ்டோ என்ற சமையல் கலைஞர் ‘ரெயின்கோஸ்ட் கிரிஸ்ப்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கிராக்கர் வழியாகவே இந்த வகை பரவலாக அறியப்பட்டது. அதன் விலையைத் தாங்க முடியாமல் வீட்டிலேயே செய்யத் தொடங்கியவர்கள் வட அமெரிக்காவில் ஏராளம். வான்கூவரும் மழைக்கும் ஈரத்துக்கும் பெயர்போன கடற்கரை நகரம்தான் என்றாலும், அங்கே குளிரோடு வரும் ஈரம்; நமக்கோ வெக்கையோடு வரும் ஈரம். அங்கே எழுதிய அளவுகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பலிக்காது.

ராத்தாவின் பொட்டலம் மூன்று வகைகளில் வருகிறது: அத்திப்பழமும் பிஸ்தாவும் சேர்ந்தது, உலர்திராட்சையும் பாதாமும் ரோஸ்மேரி என்ற மணமூலிகையும் சேர்ந்தது, முண்டு மிளகாயும் முந்திரியும் எள்ளும் சேர்ந்தது. ஒரு பொட்டலத்தின் விலை 320 ரூபாய். உள்ளே தனித்தனி உறைகளில் ஆப்பசோடா கலந்த மாவு, விதைகள், பருப்பு, உலர்பழம், கருப்பட்டித் தூள், உப்பு என்று பிரித்துக் கட்டியிருக்கிறார். நம் வீட்டிலிருந்து சேர்க்க வேண்டியவை தயிரும், தகரத்தில் தடவச் சிறிது எண்ணெயும் மட்டுமே. முட்டை கிடையாது, ஈஸ்ட் கிடையாது. ஒரு பொட்டலத்தில் ஒரு சிறிய ரொட்டி வரும். கை பழகியவர்கள் அதிலிருந்து 40 வில்லைகளுக்குக் குறையாமல் அரியலாம்.

பருப்புகளைப் பற்றி மனம் நிறைந்து சொல்லலாம். வளைகுடா நாடுகளில் உறவினர்கள் இருக்கும் வீடுகள் நிறைந்த ஊர் கீழக்கரை என்பதால் நல்ல பிஸ்தாவும் பாதாமும் எப்படி இருக்கும் என்று அங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்தவுடன் முகர்ந்து பார்த்தேன். பழைய எண்ணெய் வாடை, அதாவது காறல், துளியும் இல்லை. சூட்டிலும் ஈரத்திலும் பருப்பு விரைவில் காறிப்போகும் இந்தக் கரையில் அது சிறிய செய்தி அன்று. பருப்புகளை உறைபெட்டியில் (ஃப்ரீசர்) வைத்திருந்து, ஆர்டர் வந்த பிறகே உறையிலிடுவதாக ராத்தா சொன்னார். பூசணி விதை பச்சை மாறாமல் இருந்தது. ஆளி விதையைப் பாதி முழுதாகவும் பாதி பொடித்தும் கொடுத்திருப்பது நல்ல யோசனை. பொடித்த ஆளி விதை ஈரம் பட்டதும் பசைபோல் இழுத்துக்கொள்ளும் என்பதால், முட்டை இல்லாத இந்த மாவில் வில்லை அரியும்போது உதிராமல் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதுதான்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தூளாக்கிச் சேர்த்திருப்பதே இந்தத் தயாரிப்புக்கு நம் ஊர் முகத்தைத் தருகிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் பழுப்புச் சர்க்கரையும் தேனும் இருக்கும் இடத்தில் இவர் கருப்பட்டியை மட்டும் வைத்திருக்கிறார். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது என்பதால் அதை விலக்கியது மிகவும் சரி. கருப்பட்டியும் ஈரத்தை இழுக்கும் பொருள்தான், மழைக்காலத்தில் பானையில் வைத்த கருப்பட்டி கசிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இவர் அளவைக் குறைத்தே கொடுத்திருக்கிறார் என்பதைக் கவனித்து மகிழ்ந்தேன். இனிப்பு போதவில்லை என்று எண்ணி வீட்டிலுள்ள கருப்பட்டியைக் கூடுதலாகச் சேர்ப்பவர்கள் மொறுமொறுப்பை இழப்பார்கள். பேரீச்சம்பழத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கையில் நல்ல பேரீச்சை இருக்கிறதே என்று நறுக்கிப் போடத் தோன்றும். ஆனால் அதன் பிசுபிசுப்பு எத்தனை சுட்டாலும் அடங்காது, டப்பாவுக்குள் சுற்றியிருக்கும் வில்லைகளையும் சேர்த்து நமத்துப்போகச் செய்யும்.

இனி செய்முறைத் தாளுக்கு வருகிறேன். ‘ஒரு கப் மோர் சேர்க்கவும்’ என்று மட்டும் தாளில் அச்சிட்டிருக்கிறார். நம் வீடுகளில் மோர் என்றால் தாகத்துக்குக் குடிக்கும் நீர்மோர்தான். அதை ஊற்றினால் மாவு தோசை மாவுக்கும் கீழான பதத்துக்குப் போய்விடும், புளிப்பும் போதாது. ரொட்டி உப்ப வேண்டுமானால் ஆப்பசோடா வேலை செய்ய வேண்டும்; ஆப்பசோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும்; புளிப்புக் குறைந்தால் அதனோடு வினைபுரியாமல் மிஞ்சும் சோடா சவர்க்காரம் போன்ற ஒரு சுவையை நாக்கில் விட்டுவிடும். ஆகவே முந்தைய நாள் உறையூற்றிய, நன்றாகப் புளித்த கெட்டித் தயிர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கடைந்து ஊற்றுவதே சரியான அளவு. இதை ராத்தாவிடம் தொலைபேசியில் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். தாளில் அந்த ஒரு வரி இருந்திருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்கத் தோன்றாதவர்கள் பொட்டலத்தையே குறை சொல்வார்கள்.

இரண்டாவது குறையும் தாளில்தான். மாவைக் கலந்த பிறகு ‘ஓவனைச் சூடுபடுத்தவும்’ என்ற வரி வருகிறது. சோடாவும் புளிப்பும் சேர்ந்த கணத்திலேயே காற்றுக் குமிழிகள் உண்டாகத் தொடங்கிவிடும். சிறிய ஓவன் 180 டிகிரிக்கு வருவதற்குள் அவற்றில் பாதி வெளியேறிவிடும், ரொட்டி அடைபோல் இறுகிவிடும். முதலில் ஓவனை மூட்டிவிட்டு, தகரத்தில் எண்ணெய் தடவி வைத்துவிட்டு, அதன்பிறகே தயிரை மாவில் ஊற்ற வேண்டும். கலப்பதும் நாலைந்து கிளறலோடு நிற்க வேண்டும். மைதாவும் கோதுமையும் கலந்த மாவு என்பதால் சப்பாத்திக்குப் பிசைவதுபோலக் கிண்டினால் வில்லை கடினப்பட்டுப் பல்லுக்கு வேலை வைக்கும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் போதுமானது. நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். கருப்பட்டி இருப்பதால் மேல்புறம் சீக்கிரம் கறுக்கும், அதைக் கண்டு பயந்து முன்னதாக எடுத்துவிடக் கூடாது. மேலே ஓர் அலுமினியத் தாளை மூடிவிட்டுத் தொடரலாம்.

சுட்டெடுத்த ரொட்டி முழுதாக ஆற வேண்டும், பிறகு உறைபெட்டியில் ஓரிரு மணிநேரம் இருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வேறெங்கும் ஈடு செய்ய முடியாது. சூடாக இருக்கும் ரொட்டியில் கத்தி வைத்தால் பாதாம் அகப்பட்ட இடத்தில் வில்லை கிழியும். இறுகிய ரொட்டியிலோ பல்வைத்த ரொட்டிக் கத்தி பிஸ்தாவையும் அத்திப்பழத்தையும் சேர்த்து நேர்கோட்டில் அறுத்துச் செல்லும். மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அத்திப்பழ வகையில் நான் அரிந்த ஒரு வில்லையை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கருப்பட்டி நிறப் பரப்பில் பிஸ்தா வெட்டுப்பட்டுப் பச்சை வட்டமாகவும், அதைச் சுற்றி ஊதாத் தோல் ஒரு நூல் அளவுக்கும் தெரிந்தன. அத்திப்பழத் துண்டுக்குள் இருந்த பொடி விதைகள் ஒவ்வொன்றும் தனியாக ஒளிர்ந்தன. இரண்டு இடங்களில் மாவு அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் வெளிச்சம் ஊடுருவி மஞ்சளாகத் தெரிந்தது. பருப்பை முழுதாகவே போடச் சொல்லியிருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. பொடியாக நறுக்கியிருந்தால் இந்த அழகு வராது.

இரண்டாவது முறை சுடுவதைப் பற்றித் தாள் சொல்வது 150 டிகிரியில் ஒரு பக்கம் 15 நிமிடம், திருப்பிப் போட்டு 10 நிமிடம். உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு இதுதான், அதில் பிழையில்லை. ஆனால் நம் கடற்கரைக்கு நான் பரிந்துரைப்பது 130 டிகிரி, நேரம் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டாவது சூட்டின் வேலை நிறம் ஏற்றுவதன்று, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை வெளியேற்றுவது. 150 டிகிரியில் கருப்பட்டியின் ஓரங்கள் கருகிக் கசப்பேறும் நேரத்தில் நடுப்பகுதியில் ஈரம் இன்னும் இருக்கும். சூடாக இருக்கும்போது வில்லை வளையும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒன்றை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்று ஒலியோடு முறிந்தால் ஓவனை அணைத்துவிட்டுக் கதவை மூடியபடியே மற்றவற்றை உள்ளே ஆறவிடலாம். நடுவில் மின்சாரம் போய்விட்டாலும் இந்தக் கட்டத்தில் கவலையில்லை, மிச்சச் சூட்டிலேயே உலரும். மின்தடை முதல் சுடலின்போது வந்தால்தான் ரொட்டி கெடும்.

மூன்று வகைகளில் எனக்கு முதலிடத்தில் நிற்பது முண்டு மிளகாய் வகை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையானது, தடித்த தோல் கொண்டது. அதை விதை நீக்கி ஒன்றிரண்டாக நொறுக்கிப் போட்டிருக்கிறார். முதல் கடியில் முந்திரியின் இனிமையும் எள்ளின் மணமும் வருகின்றன, காரம் பிறகு தொண்டையருகே மெல்ல எழுகிறது. இதில் பழம் இல்லை, கருப்பட்டியும் ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. ஆகவே மூன்றிலும் மிக நீண்ட நாள் மொறுமொறுப்பாக நிற்பதும் இதுவே. உப்பிட்டு வடிகட்டிய கெட்டித் தயிரைத் தடவிச் சாப்பிட்டால் வேறு தொடுகறி தேவைப்படாது. வெளிநாட்டார் இதற்குப் பாலாடைக்கட்டியைத் துணையாக வைப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் வில்லைகள் இதற்குப் பொருந்தவில்லை, அவற்றின் உப்பு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

அத்திப்பழ வகை இரண்டாவது. நோன்பு துறந்த பிறகு சுலைமானியோடு (பால் சேர்க்காத தேநீர்) பரிமாறவும், விருந்தினருக்குத் தட்டில் வைக்கவும் இதைவிடச் சிறந்தது அமையாது. திராட்சை வகையைத்தான் முழு மனத்தோடு பரிந்துரைக்க முடியவில்லை. உலர்திராட்சையை முழுதாகவே போட்டிருக்கிறார்கள். வெளிமாவு முறுகி உலர்ந்த பிறகும் திராட்சையின் உள்ளே ஈரம் இருக்கும். டப்பாவில் அடைத்து வைத்த பிறகு அந்த ஈரம் சிறிது சிறிதாகச் சுற்றியுள்ள மாவுக்கு நகரும். காற்றே புகாத டப்பாவிலும் இது நடக்கும். இரண்டாகவோ மூன்றாகவோ நறுக்கிப் போட்டிருந்தால் சுடும்போதே பெரும்பகுதி உலர்ந்திருக்கும். இந்த வகையை வாங்குகிறவர்கள் உறையைப் பிரித்துத் திராட்சையை நறுக்கிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலைதான். ரோஸ்மேரி மணம் நம் நாக்குக்குப் புதிது. எனக்குப் பிடித்திருந்தது, வீட்டில் பெரியவர்களுக்குத் தைல வாடையாகப் பட்டது. அதற்குப் பதிலாக ஓமமோ சோம்போ சேர்த்த வகை ஒன்றையும் ராத்தா கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம்.

கட்டித்தரும் முறைதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த இடம். சுட்டுத் தயாராக இருக்கும் கிராக்கரையும் 200 கிராம் 350 ரூபாய்க்கு அவர் விற்கிறார்; அதைப் பனையோலைக் கொட்டானில் வைத்து வண்ண நாடா கட்டித் தருகிறார். கொட்டான் பின்னல் நம் மாவட்டத்துப் பெண்களின் கைத்தொழில், அதற்கு இப்படி ஒரு சந்தை கிடைப்பது மிக நல்லது. ஆனால் ஓலைப் பின்னலின் இயல்பே காற்று புகுவது. தொதல் போன்ற பிசுபிசுப்பான பண்டத்துக்கு அந்தக் காற்றோட்டத்தால் கேடில்லை. கிராக்கருக்கு அதுவே எமன். உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை இருந்தாலும் அதை முடிச்சுப் போட்டுத்தான் கட்டியிருந்தார், வெப்பத்தால் ஒட்டவில்லை. ராமநாதபுரம் வழியாகப் பேருந்தில் பார்சலாக எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது மேலடுக்கு வில்லைகள் ஏற்கெனவே ஒடியாமல் வளைந்தன. அன்பளிப்புக்கு ஓலைக் கொட்டான் இருக்கட்டும். அதற்குள் இறுக மூடும் தகர டப்பாவோ வெப்பத்தால் ஒட்டிய கனமான உறையோ இருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டணம் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.

இதே குறை கலவைப் பொட்டலத்தின் உப்பு உறையிலும் இருக்கிறது. நம் கரையோர உப்பளங்களின் கல்லுப்பைப் பொடித்துக் கொடுத்திருக்கிறார். சுத்திகரிக்காத கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது ஈரத்தைக் குடித்துக் கசியும். உறையில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மாவுக்குள் கரையும் உப்பாக அது இருப்பதில் தடையில்லை. தாளில் சொல்லியிருப்பதுபோல வில்லைகளின் மேல் தூவுவதைத்தான் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் தூவிய இடத்தில் முதலில் ஈரம் சேரும். பொருள்களின் பட்டியலும் பதிவு எண்ணும் தேதியும் உறையில் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதைப் பாராட்டுகிறேன். பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடலாம். மூன்று வகைகளையும் ஒரே சமையலறையில் கட்டுவதால், ஒரு வகையில் பெயர் இல்லாத பருப்பும் தூளாக ஒட்டியிருக்கக் கூடும்.

விலை கூடுதல் என்று சிலர் சொல்லக் கேட்டேன். பொருள்களைத் தனித்தனியாக வாங்கினால் ஒரு ரொட்டிக்கு ஆகும் செலவு குறையும்தான். ஆனால் பூசணி விதையும் ஆளி விதையும் பிஸ்தாவும் ஒரு கைப்பிடி அளவில் எந்தக் கடையிலும் கிடைக்காது; ஒவ்வொன்றையும் பொட்டலமாக வாங்கி, மிச்சத்தை இந்தச் சூட்டில் காறவிட்டுக் கொட்டுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதன்முறை செய்பவர்கள் பொட்டலத்தையே வாங்கட்டும். கைப்பதம் பிடிபட்ட பிறகு மாதத்துக்கு இருமுறையாவது சுடுகிற வீடு என்றால், மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொண்டு சொந்தமாகச் செய்வதே சிக்கனம். அளவுகளை மறைக்கும் வழக்கம் ராத்தாவிடம் இல்லை. ஒரு கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கப் கடைந்த தயிர், விதையும் பருப்பும் பழமும் எல்லாமாகச் சேர்த்து ஒன்றேகால் கப் என்று கேட்டவுடன் சொல்லிவிட்டார். விற்பனையைவிட, செய்யத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும் என்ற எண்ணமே அவர் பேச்சில் தெரிந்தது.

ஆர்டர் கொடுப்பவர்கள் பருவத்தையும் சொல்லிக் கேட்பது நல்லது. “ராத்தா, ஐப்பசி, கார்த்திகைக்கு எது நிக்கும்?” என்று கேட்டேன். “மழைக்கு மிளகாய்தான்மா. பழம் போட்டதை வெயில் காலத்துல வாங்கிக்க” என்றார். வாங்கிச் சுட்ட பிறகு வடகிழக்குப் பருவமழை நாள்களில் நமத்துப்போனாலும் தூக்கி எறிய வேண்டாம். 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுதாக ஆறவைத்து, ஆறிய உடனே டப்பாவில் அடைத்தால் பழைய முறுகல் திரும்பிவிடும். ஒரே பெரிய டப்பாவில் மொத்தத்தையும் போட்டு நாளுக்குப் பலமுறை திறப்பதைவிட, சிறு டப்பாக்களில் பிரித்து அடைத்து ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறப்பது மேல். அரியாத ரொட்டியை அப்படியே உறைபெட்டியில் இறுகச் சுற்றி வைத்திருந்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அரிந்து சுட்டுக்கொள்ளவும் முடியும். மழை மாதங்களில் எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.